உகூராவும் மே ஜெமிசனும்

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கியது. அதில் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உகூராவாக நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ் என்னும் கறுப்பினப் பெண். பல பகுதிகளில் உகூராவுக்கு வசனமே குறைவு. முதல் பருவம் முடிந்ததும் விலக எண்ணியதாகவும், மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததாகவும் நிக்கோல்ஸ் பின்னாளில் கூறியுள்ளார்.

அதுவரை விண்வெளி சென்ற அமெரிக்கர் அனைவரும் வெள்ளை இன ஆண்களே. அது சிகாகோவில் வளர்ந்த சிறுமி மே ஜெமிசனுக்கு எரிச்சலூட்டியது. உகூராவோ விண்கலத்தில் தன் இருக்கையில் இயல்பாக அமர்ந்திருந்தார். தொடரைப் பார்த்தவர் நேரே விண்கலம் ஏறிவிட்டதுபோல் எழுதுவது நியாயமன்று. இடையில் நீண்ட உழைப்பு இருக்கிறது. ஜெமிசன் வேதிப்பொறியியலும் மருத்துவமும் படித்தார். சியரா லியோனிலும் லைபீரியாவிலும் மருத்துவராகப் பணியாற்றினார். 1987இல் நாசா அவரைத் தேர்ந்தெடுத்தது. 1992 செப்டம்பர் 12 அன்று எண்டெவர் விண்ணோடத்தில் புறப்பட்டு, விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அங்கே ஒவ்வொரு பணிமுறையையும் உகூராவின் வசனத்தைச் சொல்லியே தொடங்கினார்.

1993இல் ஸ்டார் டிரெக் வரிசையின் அடுத்த தொடரில் ஒரு சிறு வேடம் ஏற்றார். படப்பிடிப்பின்போது அவரைக் காண நிக்கோல்ஸ் வந்திருந்தார்.