மூலக்கூறுக்குள் ஒரு படலை

யாழ்ப்பாணத்து வீட்டு வாசலில் இருப்பது படலை. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்களில் கணினியின் 'லொஜிக் கேட்'டுக்கும் அதுதான் பெயர்: தர்க்கப் படலை. கணினித் துறையில் வேலை செய்யும் எனக்கு இந்தச் சொல் நன்றாகப் பிடிக்கும். எதை உள்ளே விடுவது, எதை மறிப்பது என்பதுதானே இரண்டு படலைக்கும் வேலை!

கணினிக்குள் இருப்பவை சிலிக்கனில் செய்த படலைகள். ஆனால் 1993இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூவர் ஒரே ஒரு மூலக்கூறைத் தர்க்கப் படலையாக வேலை செய்ய வைத்தார்கள். பிரசன்ன டி சில்வா, நிமல் குணரத்ன, கொலின் மக்கோய் ஆகியோரின் அந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. டி சில்வா கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1967இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் சார்ள்ஸ் பெடர்சன் என்பவர் கிரீடம் போன்ற வளைய மூலக்கூறுகளைப் பற்றி எழுதினார். வளையத்தின் நடுவில் சோடியம், பொற்றாசியம் போன்ற அயன்கள் போய் உட்காரும். எந்த வளையத்தில் எது நன்றாகப் பொருந்தும் என்பதை வளையத்தின் அளவு தீர்மானிக்கும். கலாநிதிப் பட்டம் இல்லாத பெடர்சனுக்கு 1987இல் நொபெல் பரிசு கிடைத்தது.

அயன் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை நாம் எப்படி அறிவது? டி சில்வா பிடித்துக்கொண்ட கேள்வி இது. பெல்பாஸ்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1980களின் முதற்பாதியில் கொழும்பில் படிப்பித்துக்கொண்டே ஆய்வு செய்தார். எங்கள் பெற்றோரில் பலர் நாட்டை விட்டு ஓடிவந்த அதே ஆண்டுகள் அவை. 1985இல் அமிலத்தை உணர்ந்து ஒளிரும் மூலக்கூறு பற்றியும், 1986இல் கிரீட வளையத்துடன் ஒளிரும் மூலக்கூறு பற்றியும் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. மூலக்கூறின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் அயன் உட்காரும் இருக்கை, நடுவில் சிறு பாலம். இருக்கை வெறுமையாக இருந்தால் அங்கிருந்து ஓர் இலத்திரன் விளக்குக்குத் தாவி ஒளியை அணைத்துவிடும். அயன் வந்து உட்கார்ந்தால் அந்த இலத்திரனைத் தாவ விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விளக்கு எரியும்.

1993இன் மூலக்கூறில் இரண்டு இருக்கைகள்: ஒன்று ஐதரசன் அயனுக்கு, மற்றது சோடியம் அயனுக்கு. இரண்டும் நிரம்பினால்தான் விளக்கு பளிச்சென்று எரியும். ஒன்று மட்டும் வந்தால் போதாது. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். இதுதான் 'அண்ட்' படலை.

சரி, இதால் யாருக்கு என்ன பயன்? சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் அம்மம்மாவுக்கு இளநீரும் வாழைப்பழமும் தடை. காரணம் பொற்றாசியம். இரத்தத்தில் ஒரு லீற்றரில் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் அது இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே குழம்பும். அதே இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல். அத்தனை சோடியத்துக்கு நடுவே கொஞ்சப் பொற்றாசியத்தை மட்டும் அடையாளம் காண வேண்டும்.

பெரிய ஆய்வுகூடங்கள் இதை மின்முனைகளால் அளக்கின்றன. டி சில்வாவின் வழியில் அமைந்த ஒளிரும் உணரிகளோ ஒப்டி என்ற சிறிய இரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் போயின. சில துளி இரத்தம் போதும். நோயாளியின் பக்கத்திலேயே வைத்துச் சோடியம், பொற்றாசியம், கல்சியம் மூன்றையும் ஒளியால் அளந்துவிடலாம்.

குரோய்டனில் என்னிடம் பேசும் தம்பி தங்கைகள் பலர், ஏ லெவலுக்கு இரசாயனவியலை மருத்துவத்துக்குப் போகும் படியாக மட்டுமே எடுக்கிறார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளையத்துக்குள் அயன் இருக்கிறதா என்று ஒளியால் கேட்ட ஒருவர் மருத்துவர் அல்லர். ஆனால் அந்தக் கேள்வியின் பதில் இன்று நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாடம் உண்மையிலேயே பிடித்திருந்தால், அதையே படிக்கலாம். அதற்கும் ஒரு படலை திறந்துதான் இருக்கிறது.