டப்பாவை விட்டு வெளியேறிய சார்ஜர்

2006 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை திறக்கப்பட்டபோது, அங்கிருந்து கிளம்பிய டப்பாக்களில் போன், பேட்டரி, கையேட்டோடு சார்ஜரும் இருந்தது. உள்ளே சார்ஜர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் யாரும் கேட்டதில்லை. செருப்பு வாங்கும்போது இரண்டு காலுக்கும் இருக்கிறதா என்று கேட்போமா? விலை குறைந்த போனுக்கும் அது உண்டு. போன் பழசாகித் தூக்கிப் போட்ட பிறகும் சார்ஜர் வீட்டிலேயே தங்கிவிடும். "சின்னப் பின் இருக்கா, பெரிய பின் இருக்கா" என்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய காலம் அது.

அந்தச் சார்ஜரும் வெகு தூரத்திலிருந்து வரவில்லை. நோக்கியாவின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள்ளேயே அதற்கு உதிரிப்பொருள் செய்து தரும் கம்பெனிகள் கடை விரித்திருந்தன. பின்லாந்திலிருந்து வந்த சால்காம்ப் அவற்றில் ஒன்று. அதன் தொழில் சார்ஜர் செய்வது.

சார்ஜரை அற்பமாக நினைக்கிறோம். கையடக்கமான அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் 230 வோல்ட் நுழைந்து 5 வோல்ட்டாக இறங்கி வெளியே வருகிறது. நடுவே பெரைட் கருவைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி, இரண்டு மூன்று கெப்பாசிட்டர், அரிசி அளவுக்கும் சிறிய சில்லுகள். மின்சாரம் நுழையும் பக்கமும் போனுக்குப் போகும் பக்கமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால், போனைக் காதில் வைத்திருப்பவரின் கதை முடிந்தது. அதனால்தான் லைனில் ஒவ்வொரு சார்ஜரையும் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். லோடு ஏற்றி, சூடாக ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. மூடியை ஒட்டுவது பசையல்ல, ஒலியதிர்வு. திருகாணி இல்லாத அந்தக் கூட்டை உடைக்காமல் திறக்க முடியாது. அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இந்தியத் தர அமைப்பின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும்.

2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. வரி வழக்கு, மைக்ரோசாப்ட்டுக்குக் கைமாறிய வியாபாரம் என்று காரணங்கள் பல. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் பெண்கள், கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தண்டலம் வழியாக ஷிப்டுக்கு ஷிப்ட் ஓடிய கம்பெனி பஸ்கள் குறைந்தன. கட்டடம் ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஆனால் சால்காம்ப் ஊரை விட்டுப் போகவில்லை. 2019 நவம்பரில் மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் ஒரு செய்தி சொன்னார்: அந்தப் பழைய நோக்கியா ஆலையை ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து தரும் சால்காம்ப் வாங்குகிறது, ஐந்தாண்டுகளில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு நேரடி வேலை. போன் செய்த இடத்துக்குச் சார்ஜர் முதலாளியாகிவிட்டது. (சால்காம்ப்பே அதே ஆண்டில் ஒரு சீனக் குழுமத்தின் கைக்குப் போனது தனிக் கதை.)

2020 ஜூலையில் சுங்குவார்சத்திரம் பக்கமுள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் 11 தயாராகத் தொடங்கிய செய்தி வந்தது. அதன் டப்பாவில் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் இருந்தது. அக்டோபர் 13 அன்று ஐபோன் 12 அறிவிக்கப்பட்டபோது, சார்ஜரும் காதுக்கருவியும் இனி டப்பாவில் வராது என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. புது மாடலுக்கு மட்டும் என்றால்கூடச் சரி. ஏற்கெனவே விற்பனையில் இருந்த 11, எக்ஸ்.ஆர். மாடல்களின் டப்பாவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். போன் அதேதான், சார்ஜர் மட்டும் காணோம். 11-இன் விலை அப்போது குறைந்தது உண்மை. ஆனால் புது மாடல் வரும்போதெல்லாம் பழையதன் விலை குறைவது ஆண்டுதோறும் நடப்பது. தனியாக வாங்கினால் 20 வாட் சார்ஜர் அப்போது 1,900 ரூபாய்.

ஆப்பிள் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். உலகில் ஏற்கெனவே 200 கோடிக்கு மேல் ஆப்பிள் சார்ஜர்கள் இருக்கின்றன. டப்பா சிறுத்தால் சரக்கு ஏற்றும் ஒரு பலகையில் 70 சதவீதம் கூடுதலாக அடுக்கலாம் என்றார்கள். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நம் வீட்டு மேசை இழுப்பறைகளே சாட்சி. ஆனால் புது டப்பாவில் வைத்த ஒயரைப் பாருங்கள். அதன் ஒரு முனை லைட்னிங், மறுமுனை டைப்-சி. வீடுகளில் கிடந்த அந்தப் பழைய 5 வாட் சார்ஜர்களோ அகலமான யு.எஸ்.பி. ஓட்டை கொண்டவை. பழைய ஒயரையும் பத்திரமாக வைத்திருந்தவர் தப்பித்தார். மற்றவர் கடைக்குப் போனார். வீட்டில் இருப்பதைப் பயன்படுத்து என்று சொல்பவர், அதில் சொருக முடியாத ஒயரைக் கொடுத்திருக்கக் கூடாது.

இப்படி டப்பாவை விட்டு இறங்கிய சார்ஜர் தனி அட்டைக்குள், தனி விலையோடு, தனி லாபத்தோடு பயணம் போனது. 2021 ஜனவரியில் சாம்சங்கும் எஸ்21 வரிசையில் அதே வழியில் வந்தது. நெடுஞ்சாலை ஊர்களின் செல்போன் கடைகளில் இன்று நடக்கும் பேச்சு இது: "அண்ணா, டைப்-சி சார்ஜர் இருக்கா?" "ஒரிஜினலா, காப்பியா தம்பி?" மாதச் சம்பளத்தில் தவணை கட்டிப் போன் எடுத்தவர் காப்பியைத்தான் எடுப்பார். மேலே சொன்ன சோதனைகள் எதையும் அந்தக் காப்பி பார்த்திருக்குமா என்பது சந்தேகமே. 1,900 ரூபாய்ச் செலவை விட எனக்குக் கவலை தருவது இதுதான்.

பிரேசில் இதைச் சும்மா விடவில்லை. 2022 செப்டம்பரில், ஐபோன் 14 அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாள், அந்நாட்டு நீதி அமைச்சகம் ஆப்பிளுக்கு 1.2 கோடி ரியாலுக்கு மேல் அபராதம் போட்டு, சார்ஜர் இல்லாத ஐபோன்களை விற்கவும் தடை சொன்னது. வாங்குபவருக்கு முழுமையில்லாத பொருளைக் கொடுத்தார்கள் என்பது வாதம். ஐரோப்பாவோ எதிர்த் திசையில் போனது: 2024 டிசம்பர் முதல் எல்லாப் போனுக்கும் டைப்-சி கட்டாயம், சார்ஜர் இல்லாமலும் வாங்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும், உள்ளே சார்ஜர் உண்டா இல்லையா என்பதை டப்பாவின் மேல் படமாகப் போட வேண்டும்.

பொருளோடு வர வேண்டியதைப் பிரித்துத் தனியாக விற்கும் இந்த வித்தை வீடியோ கேம் ஆடுபவர்களுக்குப் பழக்கமானது. 2012-இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் ஆட்டத்தின் டிஸ்கிலேயே 12 வீரர்கள் இருந்தார்கள், பூட்டுப் போட்டு. காசு கொடுத்தால்தான் திறக்கும். நம் ஊரில் அதே வித்தை இரண்டு சக்கரத்தில் வந்தது. மின்சார ஸ்கூட்டரில் திரை இருக்கும். வரைபடம் போன்ற சில வசதிகள் மென்பொருளில் பூட்டியிருக்கும். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 2023-இல் 'ப்ரோ பேக்' என்று சுமார் 30,000 ரூபாய்க்கு விற்றது இதைத்தான்.

இதற்கிடையே ஸ்கூட்டரின் சார்ஜரும் வண்டி விலையை விட்டு இறங்கியிருந்தது. மத்திய அரசின் ஃபேம்-2 மானியம் கிடைக்க வண்டியின் ஆலை விலை 1.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. கம்பெனிகள் சார்ஜருக்கும் சில மென்பொருளுக்கும் தனிக் காசு போட்டதால் வண்டி விலை வரம்புக்குள் நின்றது, மானியமும் வந்தது. சார்ஜர் இல்லாமல் மின்சார வண்டியை வைத்து என்ன செய்வது? அரசு பிடித்துக் கேட்டது. 2023 மே மாதத்தில் போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா, ஓசூரின் ஏத்தர், டி.வி.எஸ்., இன்னும் ஹீரோ என வரிசையாகச் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலா மட்டும் திருப்ப வேண்டியது சுமார் 130 கோடி ரூபாய் என்று அப்போது கணக்கு வந்தது.

ஆக, நம் நாட்டில் சார்ஜர் வண்டியின் பாகமாகக் கருதப்பட்டது அரசின் மானியப் பணம் மாட்டிக்கொண்டபோது. போன் வாங்குபவரின் பணம் மட்டும் போகும் இடத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டங்கள் நடத்தி டைப்-சி வடிவத்துக்கு ஒப்புதல் வாங்கியது. சார்ஜர் டப்பாவுக்குள் இருக்க வேண்டுமா என்பதைத் தொடவில்லை. இப்போது ஒயரின் முறை: 2024-இல் வந்த ஆப்பிளின் காதுக்கருவி ஏர்பாட்ஸ் 4 டப்பாவில் அதுவும் இல்லை.

சார்ஜரைக் கட்டாயமாகத் தலையில் கட்டுங்கள் என்று கேட்கவில்லை. வைத்திருப்பவருக்கு எதற்கு இன்னொன்று? சார்ஜரோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை, இரண்டையும் டப்பாவின் மேலேயே அச்சடிக்கச் சொல்லட்டும். ஐரோப்பாவில் படம் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு இங்கே விலை போடத் தெரியாதா? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த போனோ ஸ்கூட்டரோ எடுக்கும்போது, பில் போடும் முன்பே சார்ஜர் சேர்த்து என்ன விலை என்று கேளுங்கள். வாயால் சொன்னதும் பில்லில் வந்ததும் வேறு வேறாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.