மலையகத்து டிஸ்பென்சரி யார் கணக்கில்?

இலங்கைத் தமிழர் என்றாலே நம்மில் பலருக்கு யாழ்ப்பாணமும் போரும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே தீவின் நடுவில், நுவரெலியா, ஹட்டன், பதுளை பக்கம், தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு தமிழ்க் கூட்டம் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களுடைய சம்பளத்தைப் பற்றியும் குடியுரிமையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு விஷயம். உடம்புக்கு முடியாமல் போனால் இவர்களை யார் பார்த்தார்கள், யார் செலவில்?

1823-ஐத்தான் அவர்கள் தங்கள் வரலாற்றின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். (நம்ம ஊர் ஜிப்மரும் தன் வயதை அதே 1823-லிருந்துதான் எண்ணுகிறது, பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கிய வருஷம். என்ன பொருத்தமோ!) முதலில் காபித் தோட்டம். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார் கரை, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடை. காலரா, அம்மை, மலேரியா, பசி. அந்தப் பாதையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. மலை ஏறியவனுக்கு மட்டும்தான் கங்காணியின் பேரேட்டில் இடம்.

1872-ல் காலனி அரசு ஒரு சட்டம் போட்டது. தோட்டப் பகுதிகளில் மருத்துவமனையும் டிஸ்பென்சரியும் வேண்டும், அதற்கான பணத்தைத் தோட்டத் துறையிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்றுமதியாகும் விளைபொருள் மேல் வரி போட்டுத் திரட்டினார்கள். 1912-ல் சட்டத்தை இன்னும் விரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் காமர்ஸ் படிப்பவன், எனக்கு உடனே கண்ணில் பட்டது வேறு. இந்த ஏற்பாட்டில் ஒரு மனிதனின் ஆரோக்கியம் உற்பத்திச் செலவில் ஒரு வரி. உரம், சாக்கு, வண்டி வாடகை, அப்புறம் மருந்து. தேயிலை விலை இறங்கினால் எந்த வரியில் முதலில் கை வைப்பார்கள்? உரத்தில் கை வைத்தால் அடுத்த பருவத்தில் விளைச்சல் போய்விடும். மருந்தில் கை வைத்தால் கணக்கில் உடனே ஒன்றும் தெரியாது.

கொக்கிப்புழு கதை இதற்கு நல்ல உதாரணம். செருப்பில்லாத கால் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும் புழு. 1916-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைத் தோட்டங்களில் புழு ஒழிப்பு ஆரம்பித்தது. சோகை பிடித்த ஆள் குறைவாகத்தான் வேலை செய்வான், அதனால் மருந்து கொடுக்கத் துரைமாருக்குச் சம்மதம்தான். ஆனால் லயத்துக்கு லயம் கக்கூஸ் கட்டாமல் புழு ஒழியாது. மருந்து கொஞ்சம் காசு, கக்கூஸ் நிறைய காசு. மருந்து சாப்பிட்டவன் அதே ஈர மண்ணில் வெறுங்காலோடு மறுபடி இறங்கினான்.

தோட்டத்துக்கு வெளியே இலங்கை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு வந்தது. அதே மாதிரியில் மற்ற இடங்களிலும் ஊருக்கு ஊர் அரசு மருத்துவிச்சி, தடுப்பூசி, கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என்று பரவியது. 1951 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டணமே இல்லை. சம்பளம் குறைவான நாடாக இருந்தும் இலங்கை மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று பொருளாதாரப் புத்தகங்களில் புகழ்வார்களே, அது இந்த ஏற்பாட்டால் வந்தது. அந்தப் புகழில் தோட்டத்துக்குப் பங்கு ரொம்பக் குறைவு. மலையில் இருந்தது தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்த அப்போத்திக்கரியும் ஒரு மருந்து அலமாரியும்தான். பெரும்பாலும் முழு டாக்டர் இல்லை.

ஏன் இந்தப் பிரிவினை? என் வரையில் பதில் ஓட்டுதான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-ல் ஓட்டும் போனது. ஓட்டு இல்லாதவனின் ஊருக்கு மருத்துவிச்சி வேண்டும் என்று எந்த எம்.பி. எழுந்து கேட்பார்?

விளைவு 1974-ல் தெரிந்தது. நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு, ரேஷன் வெட்டு. மற்ற பகுதிகளை விடத் தோட்டங்களில்தான் சாவு மோசமாக ஏறியது. அந்த வருஷங்களில் தோட்டக் குழந்தைகளின் இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியைப் போல் சுமார் இரண்டு மடங்கு. கிராமத்துக்காரனுக்கு வீட்டுப் பின்னால் ஒரு மரவள்ளிக் கிழங்காவது இருக்கும். லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை, அதற்குப் பின்னால் கம்பெனியின் தேயிலைச் செடி.

அப்புறம்தான் கொஞ்சம் திரும்பியது. 1975-க்குள் தோட்டங்கள் அரசுடைமை ஆகியிருந்தன. 1977-ல் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றத்துக்கு வந்தார், 1978-ல் மந்திரியானார். குடியுரிமையும் பகுதி பகுதியாகத் திரும்பியது, கடைசிச் சட்டம் 2003-ல். 1980களில் தோட்டங்களில் குழந்தை இறப்பு வேகமாகக் குறைந்தது. தொண்டமானின் அரசியலைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு ஆள் மந்திரிசபையில் உட்கார்ந்ததும் மருந்து அலமாரி நிறைய ஆரம்பித்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதே கதையின் வேறொரு பதிப்பு அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியா வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகளுக்குக் குட்டைப் பிடி வைத்த களைக்கொத்து கொடுத்து நாள் முழுக்கக் குனிய வைத்தார்கள். முதுகு போனவர்கள் ஏராளம். எத்தனை டாக்டர் வந்து தைலம் தேய்த்தாலும் தீராத வலி அது. தொழிலாளிகளும் அவர்களுக்கான வக்கீல்களும் விடாமல் போராடி, 1975-ல் மாநில அரசு அந்தக் கருவியையே தடை செய்தது. மலையகத்துக்கும் தேவைப்பட்டது அந்த மாதிரி ஒரு அரசு உத்தரவுதான். கம்பெனி தரும் மாத்திரை போதாது.

1992-ல் தோட்ட நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளிடம் போனது. டிஸ்பென்சரிகளை அரசு முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு பலமானது. சில தோட்ட மருத்துவமனைகளை எடுத்தார்கள், வேலை முடியவில்லை. 2016 தேசியக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டங்களில் 32. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும் பங்கு தரும் தேயிலை இந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் பறித்தது!

டிஸ்பென்சரி கம்பெனியின் கணக்கிலிருந்து சுகாதார அமைச்சின் கணக்குக்கு முழுசாக மாற வேண்டும். தமிழ் பேசும் மருத்துவிச்சிகளை மலையிலேயே எடுத்து, பயிற்சி கொடுத்து, அங்கேயே போட வேண்டும். வலி எங்கே என்று சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேடும் கர்ப்பிணிக்கு இலவச மருத்துவம் பாதிதான் இலவசம். 2023-ல் இருநூறாவது ஆண்டை ஒட்டி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த அதே வழியில், நடந்து போனார்கள். மற்ற குடிமக்களுக்குக் கிடைக்கும் அரசுச் சேவைகள் தங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று.

2017-ல் டிக்கோயாவில் இந்தியப் பணத்தில் கட்டிய 150 படுக்கை மருத்துவமனையை மோடி போய்த் திறந்து வைத்தார். நல்ல கட்டிடம். மேல் டிவிஷன் லயத்தில் ராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், அந்தக் கட்டிடம் வரை அவளைக் கொண்டுவரும் வண்டி யாருடையது என்பதுதான் அடுத்த கேள்வி.