கேட்பாரற்றுக் கிடந்த இசைத்தட்டுகள்

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது மைல்ஸ் டேவிசின் “கைண்ட் ஒவ் புளூ” என்னும் தட்டையே. 1959ஆம் ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக, நியூயோர்க் நகரில் இரண்டே நாட்களிற் பதிவான இத்தட்டு, ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் ஐம்பது இலட்சம் பிரதிகளை எட்டியதென 2019இற் சான்றளிக்கப்பட்டது. பதிவுப் பொறியின் வேகக் குறைவால் அதன் முதற் பக்கம் உரிய சுருதியிலும் சற்று உயர்ந்து ஒலித்தது. அப்பிழை திருத்தம் பெற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆயினும் அதன் புகழ் எள்ளளவும் குன்றவில்லை. புகழ் பெற்றோர்க்குப் பிழையும் ஓர் அணியாகிவிடுகிறது போலும்!

அதே நகரைச் சேர்ந்த ஹேர்பி நிக்கல்ஸ் என்னும் பியானோக் கலைஞருக்கோ அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1919இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். தெலோனியஸ் மங்கின் மேதைமையை உலகம் உணருமுன்னரே, 1940களில், அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவரும் அவரே. “புளூ நோட்” நிறுவனத்தை 1939இல் தோற்றுவித்த, ஜேர்மனியரான அல்பிரட் லயன் என்பாரிடம் பல ஆண்டுகள் விடாது வேண்டிய பின்னரே அவருக்கு அந்நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்புக் கிட்டியது. 1955, 1956ஆம் ஆண்டுகளில் ஐந்து அமர்வுகளில் அவர் இசை பதிவாயிற்று. ஆட் பிளேக்கியும் மக்ஸ் றோச்சும் முரசு முழக்கினர்.

முரசொலிப்போரை இங்கே குறிப்பிடுவது வெறும் சம்பிரதாயத்திற்காக அன்று. ஏனையோர் பாடலை இயற்றிவிட்டுத் தாளத்தை அதன் கீழ் விரிப்பர். நிக்கல்சோ பாடலின் நடுவிலேயே முரசு பேசுவதற்கென இடம் ஒதுக்கிவைத்தார். பியானோ ஒரு வினாவை விடுத்து நிறுத்த, முரசு விடையிறுக்கிறது. பின்னர் இரண்டும் எதிர்பாராத வேறொரு வழியாற் செல்கின்றன. “தேர்ட் வேர்ல்ட்” என்னும் உருப்படியைக் கேட்போர் இதனைத் தெளிவாய் உணர்வர். மங்கின் சாயலென்று இதனைத் தள்ளிவிட்ட விமரிசகர் செவி கொடுத்துக் கேட்கவில்லை என்றே கூறவேண்டும்.

அவர் தட்டுகள் பரவாமைக்கு இசைக்குப் புறம்பான காரணமும் ஒன்றுண்டு. முதலிரு தட்டுகளும் பத்து அங்குல அளவில் வெளிவந்தன. அக்காலத்திலேயே பன்னிரண்டு அங்குலத் தட்டு சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. புளூ நோட் வெளியிட்ட பத்து அங்குல வரிசையின் இறுதித் தட்டுகளுள் அவை இடம்பெற்றன. 1956இல் வந்த பன்னிரண்டு அங்குலத் தட்டும் விலைபோகவில்லை. 1957இல் வேறொரு நிறுவனத்திற்கு மற்றொரு தட்டு. அதன்பின் அவர் பெயரில் ஒன்றுமில்லை. தமக்கு உவப்பில்லாத பழம் பாணி இசைக்குழுக்களில் வாசித்தே வயிறு வளர்த்தார். அவர் இசையமைத்து, பில்லி ஹொலிடே சொற்களிட்ட “லேடி சிங்ஸ் த புளூஸ்” என்ற பாடலை அறிந்தோர் பலர். இயற்றியவரை அறிந்தோர் சிலரே. 1963இல், 44ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் அவர் மறைந்தார்.

பதிவாகியும் வெளிவராதிருந்த பல உருப்படிகள் பின்னரே வெளிச்சம் கண்டன. புளூ நோட் பதிவுகள் அனைத்தும் ஒரே தொகுதியாய்க் கிடைத்தது 1987இலேதான். பாட்டுரிமைக்காக வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் அவர் ஒப்படைத்திருந்த இசைக்குறிப்புகளைத் தேடியெடுத்து, எவரும் கேட்டறியாத அவருடைய பாடல்களை 1990களில் இளங்கலைஞர் சிலர் வாசிக்கத் தொடங்கினர். தம் வாழ்நாளில் அவர் தம் தட்டுகளிற் சேர்க்க இயலாது போன ஊதுகருவிகளும் அவற்றில் ஒலித்தன.