பாடினது யார்?

முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டை நம் ஜனங்கள் ஒப்புக்கொண்டு வெகு காலமாகிறது. 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். 1945-ல் 'ஸ்ரீவள்ளி'யின் கதாநாயகி ருக்மிணி பாடிய பாட்டுக்களை எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் ஏ. வி. மெய்யப்பன். படம் அமோகமாக ஓடிற்று.

ஆகவே ரசிகன் சுலபமாக ஏமாறுகிறவன் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. 1949-ல் 'மஹல்' என்ற ஹிந்திப் படம் வந்தது. அதன் பிரபலமான பாட்டின் இசைத்தட்டில், பாடியவர் 'காமினி' என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி கதையில் வரும் பெண். அப்படி ஒரு பாடகியே கிடையாது! வானொலியில் கேட்ட நேயர்கள் சும்மா இருக்கவில்லை. பாடினது யார் என்று விசாரித்தார்கள். லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அப்புறம்தான் வெளியே வந்தது.

2024-ல் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில், காலமாகிவிட்ட பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஒலிக்கச் செய்தார் ஏ. ஆர். ரஹ்மான். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றுச் சன்மானமும் அளித்ததாக அவரே அறிவித்தார். பாட்டைப் போலவே அந்த அறிவிப்பையும் ஜனங்கள் கவனித்துப் படித்தார்கள்.

இப்போது அதற்கும் ஒரு படி மேலே போயாகிவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கைபேசியில் 'நியூரோ-சாமா' என்ற சித்திரப் பெண்ணைக் காட்டினான். 2022 டிசம்பரிலிருந்து அவள் நேயர்களோடு நேருக்கு நேர் அரட்டை அடிக்கிறாள், பாடவும் செய்கிறாள். பேச்செல்லாம் யந்திரத்தின் பேச்சு. அவளை உண்டாக்கிய ஆங்கிலேய இளைஞர் ஆமை உருவத்தில் வந்து அவளோடு வாதாடுகிறார். பையன் விழுந்து விழுந்து சிரித்தது அப்போதுதான்.

"உள்ளே ஆளே இல்லையேடா?" என்றேன்.

"தெரியும் மாமா. அவர் இருக்கிறாரே!" என்றான்.

பொம்மலாட்டத்தில் நல்லதங்காளுக்காக அழுதவர்களுக்கும் திரைக்குப் பின்னால் கயிறு பிடிக்கிறவரைத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவர் தட்டில்தான் காசு விழுந்தது.

யந்திரம் பேசட்டும், பாடட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. பாடினது யார் என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். கேள்வி நின்றுபோனால், இசைத்தட்டில் மறுபடியும் காமினி என்றே அச்சிடுவார்கள். அவளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?