சென்னையில் பூட்டினால் புதுச்சேரியில் கூட்டம்

வெளியூர் உறவினர்கள் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "உங்க ஊர்ல குடி ஜாஸ்தி. எல்லாம் பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்தானே?" என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், நாற்பது ஆண்டு அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன், அதில் முப்பது ஆண்டு ஒரே பாரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். அது கால்வாசிதான் சரி.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஒயினைத் தங்கள் வீடுகளில் குடித்தார்கள். வாய்க்காலுக்கு மேற்கே இருந்த நம்மவர்கள் குடித்தது கள்ளும் சாராயமும். அந்த விற்பனை உரிமையை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பிக்கொண்டது மட்டுமே அரசாங்கத்தின் வேலை. நம் ஊருக்கு இந்தப் பெயர் வாங்கிக் கொடுத்தது சென்னைக் கோட்டை.

ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் வறண்டன. நடுவில் நாம். நம் எல்லை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது அந்தப் பக்கம். நடந்தே வந்து குடித்துவிட்டு நடந்தே திரும்பலாம். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தபோதும், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தபோதும் நம் கடைகள் மூடப்படவில்லை.

நான் 1970இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளம் அம்மா கைக்குப் போனது. இரண்டாம் மாதம் எங்கள் பிரிவின் மூத்த எழுத்தர் ஒருவர், "வாப்பா, ஒரு இடம் காட்டறேன்" என்று மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு சந்துக்குக் கூட்டிப்போனார். நாலு மர பெஞ்சு, ஒரு குண்டு பல்பு, மூலையில் மண்பானைத் தண்ணீர். தொட்டுக்கொள்ள அவித்த கடலை, மாங்காய்க் கீற்று, என்றைக்காவது நெத்திலி வறுவல். பள்ளியில் படித்த பிரெஞ்சில் இப்படிப்பட்ட சிறு கடைக்கு 'புவெத்' என்று ஒரு சொல் உண்டு. அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம்.

அங்கே மில்காரர்கள் வருவார்கள், வாத்தியார் ஒருவர் வருவார், ஒரு சொல்தாவும் வருவார். இந்தோசீனச் சண்டைக்குப் போய்வந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய மனிதர். கிளாஸைத் தூக்கி "ஆ வோத்ர் சாந்த்தே" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். பிறகு சைகோன் கதைதான். ஒரே கதை ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் நீளும். யாரும் திருத்த மாட்டோம்.

வாடிக்கைக்காரனுக்குப் பத்திரிகை வேண்டாம். பெஞ்சைப் பார்த்தே தமிழ்நாட்டு அரசியல் தெரிந்துவிடும். 1971 ஆகஸ்ட் இறுதியில் கலைஞர் ஆட்சி மதுவிலக்கை ஒத்திவைத்தது. அந்தச் சனிக்கிழமை கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. 1974இல் திரும்ப மூடினார்கள். கடலூர் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார்; மறுபடி காற்றாடியது. 1987 ஜனவரி 1 முதல் அங்கே கள்ளும் சாராயமும் நின்றன, சீமைச் சரக்கு மட்டும் பாட்டிலில் ஓடியது. நம்மிடம் மூன்றும் இருந்ததால் ஏழைக் குடிகாரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள்.

வெளியூர்க்காரர் குடிக்கும் விதமே வேறு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எதையும் கையில் எடுத்துப் போக முடியாது. கோரிமேடு, முள்ளோடை, மதகடிப்பட்டு என்று எந்த வழியில் போனாலும் எல்லையில் போலீஸ். அதனால் வாங்கியதை அங்கேயே நின்றபடி வயிற்றுக்குள் ஊற்றிக்கொண்டு, வாடை தெரியாமலிருக்கக் கொய்யா இலையை மென்றுகொண்டு ஓடுவார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்த நம்மவர்களும் மெல்ல அந்த வேகத்தைப் பழகினார்கள். நான் கண்ட பெரிய கேடு அதுதான்.

வாடிக்கைக்காரனுக்கு இன்னொரு சலுகை கணக்கு நோட்டு. ரோடியர் மில் சம்பள நாளில் வாசலில் பெண்கள் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடை நோட்டு கைக்கு வருமுன் அவர்கள் கை நீள வேண்டும், இல்லையென்றால் அரிசி கிடையாது. அரசாங்க எழுத்தர்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. என் பக்கத்து மேசைக்காரன் காலையிலேயே தொடங்கிவிடுவான். கல்லீரல் போய், 1988இல் நாற்பது வயது ஆகுமுன் இறந்தான். அவன் குடும்ப ஓய்வூதியப் பத்திரங்களை எழுதியவன் நான்.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணா, அந்தக் கடையில எவ்வளவு பாக்கி?" என்றாள். கூட்டிப்போனேன். அவள் சந்திலேயே நின்றாள். கடைக்காரர் பக்கத்தைக் கிழிக்கப் போனார். "கிழிக்காதீங்க, கட்டியாச்சுன்னு எழுதுங்க" என்றாள். எண்ணி வைத்தாள். அவர் எழுதினார். பெஞ்சில் அன்றைக்குப் பேச்சே இல்லை.

கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதே மேசை. நான் அப்போது கணக்குப் பிரிவில் இருந்தேன். கலால் வருவாய்க் கலத்தில் எழுதும் எண்களிலிருந்துதான் எங்கள் எல்லோருக்கும் சம்பளம் வருகிறது, அவளுக்கும் சேர்த்து. அவள் அதை அறிந்தே இருந்தாள் என்று நினைக்கிறேன். ஒருநாளும் பேசியதில்லை.

2017இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலையோரக் கடைகள் மூடின, பல திரும்பத் திறந்தன. 2020 ஊரடங்குக்குப் பின், மே மாதம் கடைகள் திறந்தபோது கொரோனா வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்திவிட்டார்கள். அதனால் வெளியூர் ஆள் இல்லை. எங்கள் சந்துக் கடை அப்போது ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. வேறொரு கடையில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் நம் ஊர்ப் பேச்சு மட்டும் கேட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் வரி போனது, கூட்டம் வந்தது.

இப்போது ரெஸ்டோ பார் காலம். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சொல்தா இருந்திருந்தால் சைகோன் கதையைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.