தோட்டப் பள்ளியில் சிலேட்டும் இணையமும்

போர்டிக்சன் என்றதும் பலருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரைக்குப் பின்புறம் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்ததையும், அவற்றின் லயங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததையும் நாம் மறத்தலாகாது. சுவா பெத்தோங், சுங்காலா போன்ற தோட்டங்களின் பெயர்களை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கூடமும் ஓர் ஆசிரியருமே. சில இடங்களில் கிராணியே ஆசிரியராகவும் இருந்தார். அக்காலத்துப் பிள்ளையின் கையில் இருந்த கருவி சிலேட்டு. ஆசிரியர் ஒரு கணக்கைச் சொல்வார்; பிள்ளைகள் விடையை எழுதிச் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பது ஒரே பார்வையில் புலப்பட்டுவிடும்.

பின்னர் பள்ளி வானொலி வந்தது. 1972 ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைக்கு அவை வெளியுலகைக் காட்டின என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை ஒருவழிப் பாதைகள். இதோ, இப்போது நான் பேசுகிறேன். நீங்கள் தலையாட்டுகிறீர்களா, கண்ணயர்ந்துவிட்டீர்களா என்பதை நான் அறியேன்!

1997இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டு, 1999இல் 87 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது. 2011இல் சுமார் 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் திட்டம் வந்து, 2019இல் முடிவுற்றது. இதற்கிடையே 2013இல் நார்வே நாட்டிலிருந்து 'கஹூட்'டும், 2015இல் பெங்களூரிலிருந்து 'குவிசிஸ்' என்னும் பெயரில் மற்றொன்றும் வந்தன. இவை பிள்ளையிடம் பதில் கேட்கும் கருவிகள். பிள்ளை விடையைத் தொட்டதும், எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினர் என்பது ஆசிரியரின் திரையில் தெரிந்துவிடும். ஒருவழிப் பாதை மீண்டும் இருவழிப் பாதையாயிற்று.

இதனால் சிறிய பள்ளிகளுக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. மாணவர் தொகை முப்பதுக்கும் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாகச் சேர்த்துக் கற்பிப்பர். ஒரு பிரிவுக்கு ஆசிரியர் பாடம் சொல்லும்போது, மறு பிரிவு இணையத்தில் விடையளித்துப் பயிற்சி பெறலாம்.

ஆனால் கருவி எல்லார் கைக்கும் எட்டுகிறதா? 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது இக்கேள்வி பூதாகரமாக எழுந்தது. கல்வி அமைச்சின் ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், பிள்ளையின் வகுப்பறையே அவரோடு போய்விடும் அல்லவா?

கருவி போதாத வகுப்பறைக்கும் வழி இல்லாமல் இல்லை. 'பிளிக்கர்ஸ்' என்னும் முறையில் பிள்ளைகளுக்குக் கைப்பேசியே வேண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட ஓர் அட்டை தரப்படும். விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடித்தால், ஆசிரியரின் ஒரே கைப்பேசி அத்தனையையும் படித்துக்கொள்ளும். அன்று சிலேட்டைத் தூக்கிக் காட்டியதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை.

ஆகவே, பெற்றோர்களே, பள்ளி வாரியத்தாரே, புதிய கருவி ஒன்றுக்குப் பணம் ஒதுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையும் இதனால் பதில் சொல்லுமா? சொல்லும் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.